காகிதம் முதல் கரியிழை வரை

"சார், நான் ராக்கெட் செய்யப் போகிறேன்!"

சொன்னவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். கண்ணிலே கனவு, கையிலே கணக்கு நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். கருநிற ராக்கெட் ஒன்றை அழகாக வரைந்திருந்தான். கூரிய மூக்கு, மூன்று சிறகுகள், அடியிலே சீறும் நெருப்பு. படத்தின் கீழே ஒரு பட்டியல். முதல் வரி: "கார்பன் ஃபைபர் குழாய், ஒன்று." அதற்குமேல் அவனுக்குப் பணம் இல்லை. ஆகவே ஒரு கோடு கிழித்து, "பணம் சேரும் வரையில்" என்று தலைப்பிட்டு, இரண்டே வரிகள் எழுதியிருந்தான்: "பழைய சைக்கிள் பம்பின் இரும்புக் குழாய். பட்டாசு மருந்து."

படித்தேன், பதறினேன்!

திட்டியிருக்கலாம். திட்டினால் அச்சம் பிறக்கும், அறிவு பிறக்காது. தடுத்திருக்கலாம். பள்ளியில் தடுத்தால் பாழுங்கிணற்றடியில் செய்வான். எனக்குத் தெரியாமல் செய்வான். அவன் ஆசையிலே குற்றமில்லை. அவன் தேர்ந்தெடுத்த பொருளிலேகூடக் குற்றமில்லை. விண்ணின் விளிம்பைத் தொட்ட மாணவர் ராக்கெட்டின் உடல் கரியிழையால் ஆனதுதான். குற்றம் வரிசையில் இருந்தது. முடிவிலே வரவேண்டியதை முதலிலே வைத்துவிட்டான். எந்நாளும் வரக்கூடாத ஒன்றை நடுவிலே வைத்துவிட்டான்.

ஆகவே அவனுக்கு ஒரு வரலாறு சொன்னேன். ராக்கெட்டின் நெருப்பைப் பற்றிய வரலாறு அன்று. அந்த நெருப்பைத் தாங்கிய உறையின் வரலாறு. அவனுக்குச் சொன்னதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன். அவனைப் போன்ற தம்பி ஒருவன் உங்கள் தெருவிலும் இருப்பான்.

நெருப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, உறை தெரிவதில்லை. ஆனால் ராக்கெட்டின் ஆற்றல் உறையில் அடங்கியிருக்கிறது. மருந்து எரிகிறது, வாயு பெருகுகிறது, அது நாலாபுறமும் சுவரை நெட்டித் தள்ளுகிறது. ஒரே ஒரு துளைதான் வழி. அவ்வழியே வாயு பின்னோக்கிப் பாய, ராக்கெட் முன்னோக்கிப் பாய்கிறது. சுவர் வலுவாக இருந்தால் உள்ளே அழுத்தம் மிகும். அழுத்தம் மிகுந்தால் வாயுவின் வேகம் மிகும். சுவர் தோற்றால்? அது ராக்கெட் அல்ல, வெடிகுண்டு!

இன்னொன்றையும் கவனியுங்கள். உருளை வடிவான குழாயின் சுவரிலே, நீளவாக்கில் இழுக்கும் விசையைப்போல் இரு மடங்கு விசை சுற்றுவாக்கில் இழுக்கிறது. வெடித்த குழாய்கள் பெரும்பாலும் நீளவாக்கில் பிளந்து கிடப்பது இதனால்தான். இந்தச் சிறு உண்மையை நினைவில் நிறுத்துங்கள். கரியிழை வரும்போது இது திரும்பி வரும்.

வலுவை மட்டும் கூட்டினால் போதாது. 1903-ஆம் ஆண்டு ரஷ்ய நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் — ஆம், ஆசிரியர்தான் — கான்ஸ்டன்டின் சியால்கோவ்ஸ்கி, ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். ராக்கெட் அடையும் வேகம், வாயு வெளியேறும் வேகத்தையும், எரிபொருளோடு கூடிய எடைக்கும் எரிந்து முடிந்தபின் எஞ்சும் எடைக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது என்றார். அதாவது, உறை கனத்தால் உயரம் குறையும். வலுவும் வேண்டும், இலேசும் வேண்டும். ஒன்றையொன்று பகைக்கும் இவ்விரண்டையும் ஒரே பொருளில் கூட்டிவைப்பது எப்படி? ராக்கெட் உறையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியின் வரலாறுதான்.

முதல் விடை காகிதம். காகிதத்தைச் சுருட்டிப் பசையிட்டு மருந்தை அடைத்த வாணங்கள் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் பறந்தன. சிவகாசியிலே இன்றும் வாணத்தின் உடல் சுருட்டிய காகிதம்தான். காகிதம் இலேசானது, ஆனால் பெரும் அழுத்தத்தைத் தாங்காது.

இரண்டாவது விடை இரும்பு. அந்த விடையைப் போர்க்களத்திலே உலகறியச் செய்தவர்கள் மைசூர் நாட்டார். ஐதர் அலியும் திப்பு சுல்தானும் நடத்திய படைகளில் இரும்பு உறையிட்ட ராக்கெட்டுகள் இருந்தன. இரும்புக் குழலில் மருந்தை இறுக அடைத்து, நீண்ட மூங்கிலில் கட்டி ஏவினர். காகிதம் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது, தொலைவு கூடியது.

அது எங்கோ நடந்த கதையன்று, தோழர்களே! காஞ்சிபுரத்திற்கு அருகே பொள்ளிலூர் இருக்கிறதே, அங்கே 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் கர்னல் பெய்லியின் கும்பினிப் படை முறியடிக்கப்பட்டது. அப்படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மைசூர் ராக்கெட்டுகள் தாக்கியதால் வெடித்தன என்று பலரும் எழுதினர். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அந்தப் போரின் ஓவியம் இருக்கிறது.

1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் திப்பு வீழ்ந்தான், சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. ராக்கெட்டுகள் கப்பலேறின; இங்கிலாந்தின் வூல்விச் படைக்கலச் சாலையைச் சேர்ந்தன. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் ராக்கெட் ஆய்வில் இறங்கினார். அளந்தார்; மருந்தின் கலவையை மாற்றினார்; மீண்டும் மீண்டும் ஏவிப் பார்த்தார்; ஒவ்வொன்றையும் எழுதினார். 1806-இல் பூலோன் துறைமுகத்தின்மீதும், 1807-இல் கோபன்ஹேகன் நகரின்மீதும் அவர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. 1807-லேயே தம் ராக்கெட் முறையைப் பற்றி அவர் நூலும் வெளியிட்டார். அந்நாள் முதல் உலகம் அவற்றைக் "காங்கிரீவ் ராக்கெட்" என்று அழைத்தது.

மைசூரின் கொல்லன் பெயர் என்ன?

நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. இரும்பை உருக்கத் தெரிந்த கை இருந்தது. தகடாக அடிக்கத் தெரிந்த கை இருந்தது. மருந்து கசியாமல் மூடத் தெரிந்த கை இருந்தது. ராக்கெட் வீரர்களை அணிவகுக்கும் முறையைத் திப்புவின் படைநூல் பேசியது. ஆனால் உலைக்களத்துக் கணக்கை எழுதியவர் யார்? உலைக்களத்தில் நின்றவன் கையில் எழுத்தாணி இல்லை. எழுத்தாணி பிடித்தவன் உலைக்களத்துப் பக்கம் போகவில்லை. கை ஒரு சாதி, ஏடு ஒரு சாதி என்று பிரித்து வைத்த நாட்டிலே, கை செய்த அருஞ்செயல் கையோடு போயிற்று!

2018-ஆம் ஆண்டு கருநாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரிலே ஒரு பாழ்கிணற்றைத் தோண்டினர். துருவேறிய இரும்பு ராக்கெட்டுகள் ஆயிரத்திற்கு மேல் கிடைத்தன. திப்புவின் காலத்தவை என்றனர் தொல்லியலார். நம்மவர் அறிவு இருநூறாண்டுக் காலம் எங்கே கிடந்தது என்பதற்கு அந்தக் கிணறு சாட்சி.

இரும்பு ராக்கெட்டின் வாலிலே மூங்கில் இருந்தது அல்லவா? அடுத்த பொருளின் கதை அதே மூங்கிலில் தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கும். ராக்கெட்டில் அல்ல, விளக்கில்.

1879-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி விளக்கினுள் வைத்து எரித்தார். இங்கிலாந்தில் ஜோசப் சுவானும் அதே வழியில் முயன்றுகொண்டிருந்தார். பற்பல பொருள்களைக் கரியாக்கிச் சோதித்த எடிசன், 1880-இல் மூங்கிலுக்கு வந்து சேர்ந்தார். ஜப்பானிலிருந்து வந்த மூங்கிலைச் சீவி, காற்றுப் படாமல் சுட்டு, கரியிழையாக்கினார். அது மனிதன் பயன்கொண்ட முதல் கரியிழைகளில் ஒன்று. ஒளி தந்தது, ஆனால் வலு இல்லை. டங்ஸ்டன் கம்பி வந்ததும் விளக்கிலிருந்து கரியிழை விடைபெற்றது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு உறக்கம். பிறகு, 1958-இல், அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரோஜர் பேகன் என்னும் இளம் அறிவியலார் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தார். கரியை உயர் அழுத்தத்திலும் கடும் வெப்பத்திலும் வைத்து, அது உருகும் நிலையை அறிய முயன்றார். படிந்த கரியிலே மெல்லிய மயிர்போன்ற இழைகளைக் கண்டார். வேண்டாத தூசு என்று துடைத்து எறியவில்லை. எடுத்து இழுத்துப் பார்த்தார். எஃகை வெட்கப்படச் செய்யும் வலு! 1960-இல் கட்டுரை வெளியிட்டார். தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனால் கிடைத்ததைக் கண்டுகொள்ளும் கண்ணும் அளந்தெழுதும் கையும் அவரிடம் இருந்தன.

அந்த இழைகள் விலைமதிப்பற்றவை என்பது மட்டுமல்ல, விலைகொடுத்து வாங்கவே இயலாதவை. அவ்வளவு சிறிது கிடைத்தது. மலிவாக நிறையச் செய்வது எப்படி? 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானின் ஒசாகா அரசு ஆய்வுக்கூடத்தில் அகியோ ஷிண்டோ வழி கண்டார். கம்பளிபோன்ற செயற்கை நூல் செய்யப் பயன்படும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் இழையைக் கரியாக்கினார். 1960-களின் நடுவில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்தில் வில்லியம் வாட் குழுவினர், சூடேற்றும்போது இழை சுருங்கிவிடாமல் இழுத்துப் பிடித்தால் அதன் விறைப்பு பெரிதும் கூடுவதைக் கண்டனர்.

செய்முறையைச் சொன்னால் எளிது, செய்தால் அரிது. இழையை முதலில் 200 முதல் 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காற்றிலே பதப்படுத்துகிறார்கள். பிறகு ஆக்சிஜன் அறவே இல்லாத உலையில் 1,000 பாகைக்கு மேல் சுடுகிறார்கள். கரியல்லாத அணுக்கள் வாயுவாகப் பறந்துவிட, கரியணுக்கள் இழையின் நீளவாக்கில் அடுக்கடுக்காகக் கைகோத்து நிற்கின்றன. எஞ்சுவது மயிரிழையின் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள கருநிற இழை. தண்ணீரைப்போல் அதன் அடர்த்தி 1.8 மடங்கு, எஃகின் அடர்த்தியோ 7.8 மடங்கு. வலுவும் இலேசும் ஒரே பொருளில் கூடின! சியால்கோவ்ஸ்கியின் கேள்விக்கு உலையிலிருந்து ஒரு விடை வந்தது.

உடனே வெற்றி முரசு கொட்டிவிட வேண்டாம். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆர்.பி.211 என்னும் விமான எஞ்சினின் விசிறி இதழ்களைக் கரியிழையால் செய்தது. இலேசு, உறுதி, எல்லாம் சரி. ஆனால் பறக்கும் எஞ்சினில் பறவை மோதினால்? சோதித்தனர், இதழ்கள் சிதறின. டைட்டானியத்திற்கு மாற வேண்டியதாயிற்று. ஏற்கெனவே செலவில் மூழ்கிக்கொண்டிருந்த அந்தப் பெருநிறுவனம் 1971-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நொடித்துப்போய், அரசின் கைக்கு வந்தது. கரியிழை இழுப்பைத் தாங்கும். குறுக்கே விழும் அடியைத் தாங்காது. இழையின் திசையில் அது மல்லன். குறுக்குத் திசையிலோ அதன் வலு அதைப் பிடித்திருக்கும் பிசினின் வலு மட்டுமே. இந்த உண்மையை ஒரு பெருநிறுவனம் எவ்வளவு விலைகொடுத்துக் கற்றது என்பதை, குழாயும் பிசினும் வாங்கக் கடைக்குப் போகும் தம்பி எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, மாணவர் ராக்கெட்டுக்கு வருவோம்.

1957-இல் ஸ்புட்னிக் பறந்தது. அமெரிக்கச் சிறுவர்கள் வானைப் பார்த்தனர். பிறகு வீட்டிலிருந்த இரும்புக் குழாயைப் பார்த்தனர். என் மாணவன் எழுதிய அதே பட்டியல்! குழாயிலே கண்டதை எல்லாம் கலந்து திணித்தனர். விரலிழந்தவர் உண்டு, விழியிழந்தவர் உண்டு, உயிரிழந்தவரும் உண்டு. இரும்பு வெடிக்கும்போது அது உறையாக இருப்பதில்லை; நூறு கத்திகளாகிவிடுகிறது.

விடை ஒரு செருப்புக்கடையில் பிறந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல், வாண வேடிக்கையில் நாட்டமுள்ளவர். 1954-இல் தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து ஒரு சிறு ராக்கெட்டைச் செய்தார். உடல் காகிதம், எஞ்சின் உறையும் காகிதம், மேலே போனதும் பாராசூட் விரிந்து மெல்ல இறங்கும். ராக்கெட் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் எழுதிய கட்டுரையைப் படித்து, தம் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பினார். ஸ்டைன் அதன் பெருமையை உணர்ந்தார். மருந்தைச் சிறுவன் கலக்கக்கூடாது. எஞ்சினைத் தொழிற்சாலை செய்து தரட்டும். சிறுவன் உடலைச் செய்யட்டும், சிறகைச் செய்யட்டும், கணக்கைச் செய்யட்டும் என்றார். 1957-இல் தேசிய ராக்கெட் சங்கம் அமைந்தது. மூக்கு, உடல், சிறகு மூன்றும் உலோகமல்லாத இலேசான பொருளாகவே இருக்கவேண்டும் என்பது அதன் பாதுகாப்பு விதிகளில் ஒன்று.

பார்த்தீர்களா! இரும்பைக் கண்டபிறகு மீண்டும் காகிதத்திற்கு வந்தார்கள். இது பின்னடைவா? இல்லை. எந்த வேலைக்கு எந்தப் பொருள் என்று அறிவதே முன்னேற்றம்.

காகிதத்தில் கற்றவர்கள் மேலும் உயரம் கேட்டனர். உயரம் வேகத்தைக் கேட்டது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காகித உடல் கசங்குகிறது. மெல்லிய சிறகு கொடிபோல் படபடத்து ஒடிகிறது. ஆகவே அட்டைக்கு மேல் கண்ணாடி இழை வந்தது. கண்ணாடி இழைக்கு மேல் கரியிழை வந்தது. தொடங்குபவன் கரியிழையைக் கையாளும் முறை சுருக்கமாக இதுதான்: நேரான உருளை ஒன்றின்மேல் ஒட்டாத தாளைச் சுற்ற வேண்டும். அதன்மேல் கரியிழைத் துணியைச் சுற்றி, எபாக்சிப் பிசினைத் தடவி, இழைதோறும் ஊறவைக்க வேண்டும். மிகுந்த பிசினை வழித்துவிட வேண்டும். பிசின் வலுவன்று, எடை. இழையின் திசையைக் கவனித்து அடுக்க வேண்டும்: நீளவாக்கு இழை வளைவைத் தடுக்கும், சுற்றுவாக்கு இழை பிளவைத் தடுக்கும், சாய்வு இழை முறுக்கைத் தடுக்கும். முன்னே சொன்ன குழாய்க் கணக்கு இங்கே திரும்பி வருகிறது! சிறகுகளுக்கு, ஒரு சிறகின் நுனியிலிருந்து உடலின் குறுக்கே அடுத்த சிறகின் நுனி வரை ஒரே துணியைப் படியவைத்து ஒட்டுகிறார்கள். சிறகும் உடலும் ஒரே உறுப்பாகிவிடுகின்றன.

செய்யத் தகாதவையும் உண்டு. இறுகிய கரியிழையை அறுக்கும்போது பறக்கும் தூள் மூச்சுக்கும் கண்ணுக்கும் பகை; முகமூடியும் கண்ணாடியும் இன்றித் தொடக்கூடாது; ஈரத்தோடு தேய்ப்பது நல்லது. எபாக்சி தோலில் படப்பட ஒவ்வாமை வரும், கையுறை வேண்டும். பெருமளவு பிசினை ஒரே கிண்ணத்தில் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையும். கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். வானொலி அலையை மறைக்கும். ராக்கெட் இருக்குமிடம் சொல்லும் கருவியைக் கரியிழைக் குழாயினுள் வைத்து மூடினால், கருவி கத்தும். வெளியே யாருக்கும் கேளாது. அதனால்தான் கரியிழை உடலுக்கும் கண்ணாடி இழை மூக்கு வைக்கிறார்கள். இவை எல்லாவற்றினும் பெரிது: உடல் குழாய் வேறு, எரியும் எஞ்சினின் உறை வேறு. முன்னதைக் கற்பவன் செய்யலாம். பின்னது ஆண்டுக்கணக்கில் சோதித்தவர்களின் வேலை.

அப்படிச் சோதித்த மாணவர்களின் கதையைக் கேளுங்கள்.

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் 2005-இல் ஒரு ராக்கெட் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினர். தங்கள் கையால் நெய்தமைத்த கரியிழை உறையோடு 100 கிலோமீட்டர் உயரமுள்ள விண்ணெல்லையைத் தொடவேண்டும் என்பது இலக்கு. 2013-இல் முதல் "டிராவலர்": தோல்வி. 2014-இல் இரண்டாவது: தோல்வி. 2018 செப்டம்பரில் மூன்றாவது பறந்தது. நெருப்புக் கக்கி, கண்ணுக்கு எட்டாத உயரம் போயிற்று. எவ்வளவு உயரம்? தெரியாது! அளவுக் கருவி முறையாக இயக்கி வைக்கப்படவில்லை. விண்ணைத் தொட்டிருக்கலாம். ஆனால் அளவு இல்லை, சான்று இல்லை. "போயிருக்கும், ஐயா, நம்புங்கள்" என்று அவர்கள் உலகிடம் கேட்கவில்லை. மீண்டும் பிசின் கலந்தனர், மீண்டும் இழை சுற்றினர்.

2019 ஏப்ரல் 21. நியூ மெக்சிகோவில் நான்காவது டிராவலர் எழுந்தது. கருவி பேசியது: 339,800 அடி, அதாவது ஏறத்தாழ 103.6 கிலோமீட்டர். அப்போதும் அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இந்த அளவில் 16,500 அடி கூடவோ குறையவோ இருக்கலாம், விண்ணெல்லையைக் கடந்திருக்கும் என்பதில் எங்களுக்கு 90 விழுக்காடு உறுதி" என்றனர். வெற்றியின் உச்சியில் நின்றுகொண்டு, தன் ஐயத்தின் அளவையும் சேர்த்துச் சொல்லும் நேர்மை! பகுத்தறிவு என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோமே, அது உடலெடுத்து வந்தால் இப்படித்தான் பேசும்.

2024 அக்டோபர் 20-ஆம் நாள், நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் அதே கூடத்தின் "ஆஃப்டர்ஷாக் 2" எழுந்தது. 470,000 அடி, 143 கிலோமீட்டருக்கு மேல். ஒலியைப்போல் ஐந்தரை மடங்கு வேகம். அரசும் வணிக நிறுவனமும் அல்லாத குழுவினர் எட்டிய உயரத்தில், இருபதாண்டுப் பழைய சாதனையை மாணவர் முறியடித்தனர். அந்த வேகத்தின் வெப்பத்தைத் தாங்கச் சிறகின் விளிம்புகளுக்கு டைட்டானியக் காப்பிட்டிருந்தனர். கரியிழைக்கும் எல்லை உண்டு என்பதை அறிந்ததால்தான் எல்லையைக் கடந்தனர்!

நம் நாடு பின்தங்கி நின்றதா? இல்லை. இராமேசுவரத்து அப்துல் கலாம் தலைமையேற்று உருவாக்கிய எஸ்.எல்.வி.-3, 1980 சூலை 18-இல் ரோகிணியை விண்ணில் நிறுத்தியபோது, அதன் மேல் நிலைகளின் உறைகள் இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆனவை. 2022 நவம்பர் 18-இல் ஐதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் ஏவிய விக்ரம்-எஸ், கரியிழைக் கூட்டுப்பொருளால் கட்டப்பட்டு 89.5 கிலோமீட்டர் உயரம் சென்றது. பொள்ளிலூரில் பறந்த கலை திரும்பி வந்திருக்கிறது. இம்முறை ஏட்டோடு வந்திருக்கிறது.

கதை முடிந்ததும் மாணவன் கேட்டான்: "அப்படியானால் நான் எங்கே தொடங்குவது, சார்?"

"பட்டியலைத் திருத்து" என்றேன். பட்டாசு மருந்தை அடித்தான். உரிமமின்றி வெடிமருந்து செய்வது 1884-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது அறிவுக்குக் குற்றம். அடுத்து இரும்புக் குழாயின்மீது பேனாவை வைத்தான். "பொறு, அது பம்பு அல்லவா? பம்பாகவே இருக்கட்டும்" என்றேன்.

சனிக்கிழமை. பள்ளி மைதானம். காலியான சோடா பிளாஸ்டிக் புட்டி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அட்டைச் சிறகுகள், காகித மூக்கு. வால்வு பொருத்திய தக்கையின் வழியே, நீண்ட குழாயின் மறுமுனையில் நின்று, அதே சைக்கிள் பம்பால் காற்றை ஏற்றினோம். தக்கை தெறித்தது; தண்ணீர் பீறிட்டது; புட்டி எழுந்தது! முப்பது மீட்டர் தள்ளி நின்ற மாணவி, பாகைமானியில் கட்டிய நூலைப் பார்த்துக் கோணத்தைச் சொன்னாள்: 31 பாகை. கணக்கிட்டோம். ஏறத்தாழ 18 மீட்டர். அவள் கண்ணின் உயரத்தையும் கூட்டினால் 19-க்குச் சற்று மேல்.

இரண்டாம் முறை இன்னும் உயரப் போனது. ஆனால் கோணம் பார்க்க வேண்டியவன் குதித்துக் கைதட்டிக்கொண்டிருந்துவிட்டான். நோட்டிலே என்ன எழுதுவது? "முன்னதைவிட இரு மடங்கு என்று எழுதலாமா, சார்?" என்றான் ஒருவன். நான் வாய் திறக்குமுன் நம் கரியிழைத் தம்பியே சொன்னான்: "கூடாது. 'அளக்கவில்லை' என்று எழுது."

அன்றைக்கு அந்த மைதானத்தில் எழுந்தவற்றுள் மிக உயரமானது அந்தச் சொல்தான். புட்டியிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து கண்ணாடி இழைக்கும், அதிலிருந்து கரியிழைக்கும் அவன் போவான். மைசூர்க் கொல்லனின் கையை அவன் பெற்றிருக்கிறான். அந்தக் கொல்லனுக்கு வாய்க்காத ஏடும் அவன் கையில் இருக்கிறது. இனி அவன் செய்வது எதுவும் பாழ்கிணற்றில் போய் விழாது.